பீரோவுக்குள் பூட்டிய கம்ப்யூட்டர்! "குற்றவாளி" யார்?

திருட்டு பயம், ரிப்பேர் பயம், மானம் போகும் பயம்! வகுப்பறையில் வாத்தியார்கள் படும் பாடு

சென்னை,

பள்ளிக்கூடப் பூட்டை உடைத்து லேப்டாப் திருட்டு. இந்தச் செய்தி மாலைப் பேப்பர் வாசகர்களுக்குப் புதிதல்ல. திருடன் ராத்திரியில் வருகிறான். சுவர் ஏறிக் குதிக்கிறான். கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறான். சில சமயம் போலீசில் மாட்டிக்கொள்கிறான்.

போலீசில் மாட்டாத இன்னொரு "திருட்டு" பட்டப்பகலில் நடக்கிறது. இதில் பூட்டு உடையாது. பொருளும் வெளியே போகாது. பள்ளிக்கூட பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும். பிள்ளைகள் கண்ணில் மட்டும் படாது!

இந்த "வழக்கில்" குற்றவாளி யார்? விவரம் வருமாறு:-

79 ஆயிரம் பேர்

தமிழக அரசு 2024-ம் ஆண்டு, அரசு தொடக்க மற்றும் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79 ஆயிரத்து 723 பேருக்கு "டேப்லெட்" கம்ப்யூட்டர் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. செலவு சுமார் 101 கோடி ரூபாய். 22 ஆயிரத்து 931 "ஸ்மார்ட்" வகுப்பறைகள் அமைக்கும் திட்டமும் வந்தது.

அதற்கு முன்பே, 2018-ல், புதிய பாடப்புத்தகங்களில் கருப்பு-வெள்ளை சதுரமாக "கியூ.ஆர். கோடு" அச்சடிக்கப்பட்டது. செல்போனை அதன்மேல் காட்டினால் பாடம் படமாக ஓடும். 2019-ல் கல்வி டி.வி.யும் வந்தது.

ஆக, பொருளுக்குப் பஞ்சமில்லை. தகராறு, பெட்டியைப் பிரித்த மறுநாள்தான் ஆரம்பிக்கிறது.

கையெழுத்துப் போட்டவர்

பொருள் வந்ததும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறும். தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போடுவார். தொலைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். உடைந்தாலும் அவர்தான். ரிட்டையர் ஆகும் நேரத்தில் ஒரு ரிமோட் குறைந்தாலும் கேள்வி வருமே என்று அவருக்கு உதறல்.

"எதுக்கு வம்பு? உள்ளேயே இருக்கட்டும்" என்று பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டால், அவரை மட்டும் குறை சொல்ல முடியுமா?

"நோ சிக்னல்"

வகுப்பு எடுக்கும் வாத்தியார் கதை வேறு. 25 வருஷம் சாக்பீசும் கையுமாக நின்றவர். கரும்பலகையில் ஒரு பூவை வரைந்தால் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அவர் ஒரு நாள் துணிந்து டி.வி.யைப் போடுகிறார்.

ஸ்கிரீனில் "நோ சிக்னல்" என்று வருகிறது. வயரைப் பிடுங்கி மாட்டுகிறார். மறுபடியும் அதே! 40 ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கடைசி பெஞ்சில் "களுக்" என்று ஒரு சிரிப்பு. பீரியடில் கால் மணி நேரம் போயே போச்சு.

மறுநாள் அவர் கையில் பழையபடி சாக்பீஸ்!

இத்தனைக்கும் கோளாறு என்ன? ரிமோட்டில் "சோர்ஸ்" என்ற பட்டனை ஒரு தடவை அழுத்தியிருந்தால் படம் வந்திருக்கும். அதைச் சொல்லிக் கொடுக்கப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. பிள்ளைகள் முன்னால் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

பயிற்சி என்ற பெயரில் ஒரு நாள் கூட்டம் நடந்தால் போதாது. பெரிய ஹாலில் நூறு பேரை உட்கார வைத்து, மேடையில் ஒருவர் பட்டனை அழுத்திக் காட்டினால் யாருக்குக் கை பழகும்? சைக்கிளைப் படத்தில் பார்த்து ஓட்டக் கற்றவர் உண்டா?

பெரு நாட்டில் பட்ட அடி

தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாடு இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. அந்த அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் சின்ன லேப்டாப்புகளை வாரி வழங்கியது. 319 கிராமப் பள்ளிகளில் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2012-ல் வெளியானது.

லேப்டாப் போன பள்ளிகளில் பிள்ளைக்கு ஒன்று வீதம் இருந்தது. ஆனால் கணக்கிலும், மொழிப் பாடத்திலும் மார்க் ஏறவில்லை! அதை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்குத் தக்க வழிகாட்டல் இல்லாதது பெரிய குறையாக எடுத்துக்காட்டப்பட்டது.

நம் நாட்டிலேயே 1975-76-ல் அமெரிக்க செயற்கைக்கோள் உதவியோடு 6 மாநிலங்களில் 2 ஆயிரத்து 400 கிராமங்களுக்கு டி.வி. நிகழ்ச்சிகள் காட்டப்பட்டன. டி.வி. பெட்டியைக் கொடுத்ததோடு கைகழுவி விடவில்லை. ரிப்பேர் பார்க்கத் தனி மையங்கள் இருந்தன. சுமார் 50 ஆயிரம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு டி.வி., ரேடியோ, புத்தகம் மூன்றையும் சேர்த்து விஞ்ஞானப் பாடப் பயிற்சியும் கொடுக்கப்பட்டது.

கேரளா செய்த வைத்தியம்

பக்கத்து மாநிலமான கேரளாவில் 2001-லேயே இந்த வேலை தொடங்கியது. 8-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை 45 ஆயிரம் வகுப்பறைகளுக்கு லேப்டாப், புரொஜெக்டர் போனது.

அங்கே மூன்று காரியம் செய்தார்கள்.

ஒன்று, ஆசிரியர்களுக்கு ஆசிரியர்களையே பயிற்சியாளர்களாகப் போட்டார்கள். வகுப்பறைக் கஷ்டம் தெரிந்தவரிடம் சந்தேகம் கேட்க யாருக்கும் வெட்கம் வராது அல்லவா?

இரண்டு, சாமான்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தார்கள். திருட்டுக்கும், தீ விபத்துக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. தலைமை ஆசிரியரின் உதறல் குறைந்தது.

மூன்றாவதுதான் சுவாரஸ்யம். 2018-ல் மாணவர்களைக் கொண்டே ஒரு படையை ஆரம்பித்தார்கள். பெயர் "லிட்டில் கைட்ஸ்". 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இது உண்டு. வகுப்பறைக் கருவிகளைக் கவனித்துக்கொள்வதில் இந்தப் பிள்ளைகளும் கைகொடுக்கிறார்கள். கடைசி பெஞ்சில் சிரிக்கிற பையனை எழுப்பி, "வாடா தம்பி, வந்து மாட்டு" என்று சொன்னால் சிரிப்பும் நிற்கும், டி.வி.யும் ஓடும்!

பெற்றோர் கையில்

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். கடைக்காரர், கிளார்க், ஆட்டோ டிரைவர் யாரும் உறுப்பினராகலாம். கூட்டத்தில் மூன்றே கேள்வி கேட்டால் போதும்.

வந்த சாமான் பீரோவில் இருக்கிறதா, வகுப்பில் இருக்கிறதா? கெட்டுப்போனால் ரிப்பேருக்கு யாரைக் கூப்பிடுவது? புதிதாகப் போடும் முதல் சில நாட்கள் வாத்தியார் பக்கத்தில் யார் நிற்பது?

மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்றது தானாக நடக்கும். வாத்தியார் குற்றவாளி அல்ல. சாவி வைத்திருக்கும் தலைமை ஆசிரியரும் அல்ல. பெட்டியை இறக்கிவிட்டு லாரியோடு ஆளும் திரும்பிப் போய்விடுகிற பழக்கம்தான் குற்றவாளி.

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அஞ்சே வருஷத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விடும். பீரோ அதற்குள் திறக்க வேண்டும்.