திறன்பேசிகளில் மேசைக்கணினி லினக்ஸ்

மேசைக்கணினிக்காக உருவாக்கப்பட்ட லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடுதிரை கொண்ட திறன்பேசியில் இயங்குமாறு மாற்றியமைக்கும் முயற்சி பொதுவாகத் திறன்பேசி லினக்ஸ் எனப்படுகிறது. உபுண்டு டச், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், மோபியன், செயில்பிஷ் ஆகியவை இவ்வகை இயங்குதளங்களுள் குறிப்பிடத்தக்கவை. திறன்பேசியைத் தயாரித்த நிறுவனம் மென்பொருள் இற்றைகளை நிறுத்திய பிறகும், நல்ல நிலையில் உள்ள கருவியைத் தொடர்ந்து பயன்படுத்த வழி செய்வது இம்முயற்சியின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று.

ஆண்ட்ராய்டும் லினக்ஸும்

ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கருனியின் மீதுதான் இயங்குகிறது. கருனி என்பது வன்பொருளுக்கும் பிற மென்பொருள்களுக்கும் இடையே நிற்கும் அடிப்படை நிரல். ஆனால் கருனிக்கு மேலுள்ள அடுக்குகள் இரண்டிலும் வேறுபடுகின்றன. டெபியன், உபுண்டு போன்ற மேசைக்கணினி வழங்கல்கள் ஜிலிப்சி என்னும் சி நிரலகத்தையும், திரைக்காட்சிக்கு வேலேண்ட் போன்ற நெறிமுறைகளையும் பயன்படுத்துகின்றன. ஆண்ட்ராய்டோ பயோனிக் என்னும் தனி நிரலகத்தையும், தனக்கென அமைந்த வரைகலை அடுக்கையும் கொண்டது. ஆகவே டெபியனில் ஓடும் ஒரு செயலி ஆண்ட்ராய்டில் அப்படியே ஓடாது.

இந்தியாவில் 2023 சனவரியில் சென்னை ஐஐடி அறிமுகப்படுத்திய பாரோஸ், ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை அடிப்படையாகக் கொண்டது. எனவே அதை மேசைக்கணினி லினக்ஸின் திறன்பேசி வடிவமாகக் கருத இயலாது. இதற்கு மாறாக, சென்னை சி-டாக் மையத்தில் வளர்க்கப்பட்ட பாஸ் லினக்ஸ், டெபியன் வழிவந்த முழுமையான மேசைக்கணினி இயங்குதளம். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்ததால், தமிழக மாணவர்கள் பலருக்கு அதுவே லினக்ஸின் முதல் அறிமுகம்.

வன்பொருளை அடையாளம் காணுதல்

ஒரே உபுண்டு வட்டைக் கொண்டு பல நிறுவனங்களின் கணினிகளில் லினக்ஸை நிறுவ முடிகிறது. கணினியில் என்னென்ன உறுப்புகள் உள்ளன என்பதை அதன் தாய்ப்பலகையே சீர்தரப்படுத்தப்பட்ட முறையில் இயங்குதளத்துக்குத் தெரிவித்துவிடுவதே இதற்குக் காரணம். திறன்பேசிகளில் அத்தகைய பொது ஏற்பாடு இல்லை. திரை, கேமரா, மின்கல மேலாண்மைச் சில்லு ஆகியவை எங்கே, எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன என்பதை ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியே கருனிக்கு எழுதித்தர வேண்டும். இவ்விவரக்கோப்பு டிவைஸ் ட்ரீ எனப்படுகிறது.

தயாரிப்பு நிறுவனங்கள் பெரும்பாலும் கருனியின் ஒரு பழைய பதிப்பை எடுத்து, அதில் தம் மாற்றங்களைச் சேர்த்து வெளியிடுகின்றன. அம்மாற்றங்கள் பல லினக்ஸின் முதன்மைக் கருனிக்குள் சேர்வதில்லை. கேமரா, வரைகலைச் சில்லு போன்றவற்றின் இயக்கிகளுள் சில மூலநிரல் இன்றி இருமக் கோப்புகளாக மட்டுமே கிடைக்கின்றன. நிறுவனம் இற்றைகளை நிறுத்தியதும் அக்கருவி பழைய கருனியோடு தேங்கிவிடுகிறது.

இரு வழிகள்

இச்சிக்கலைக் கடக்க இரு வழிகள் பின்பற்றப்படுகின்றன.

முதல் வழியில், ஆண்ட்ராய்டுக்காக எழுதப்பட்ட கருனியும் இயக்கிகளும் அப்படியே வைத்துக்கொள்ளப்படுகின்றன. பயோனிக்கை நம்பியுள்ள இயக்கிகளை ஜிலிப்சி செயலிகள் பயன்படுத்த லிப்ஹைப்ரிஸ் என்னும் இடைநிரல் உதவுகிறது. 2017இல் தொடங்கிய ஹேலியம் திட்டம் இந்த அடித்தளத்தைப் பல இயங்குதளங்களுக்கும் பொதுவாக்க முயன்றது. உபுண்டு டச் இதைப் பரவலாகப் பயன்படுத்துகிறது. இவ்வழியில் கேமரா போன்ற உறுப்புகள் விரைவில் இயங்கத் தொடங்கும். ஆனால் பழைய கருனியின் குறைகளும் கூடவே வரும்.

இரண்டாம் வழியில், கருவிக்குத் தேவையான இயக்கிகள் புதிதாக எழுதப்பட்டு முதன்மைக் கருனியில் சேர்க்கப்படுகின்றன. 2017இல் அறிவிக்கப்பட்ட போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் திட்டம் இதையே விரும்புகிறது. ஆல்பைன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இத்திட்டம், ஒரு திறன்பேசி பத்தாண்டுகள் பயன்பட வேண்டும் என்பதை இலக்காக அறிவித்தது. இவ்வழியில் வேலை மிகுதி. ஆனால் ஒருமுறை சேர்க்கப்பட்ட இயக்கி, கருனியின் புதிய பதிப்புகளோடு தொடர்ந்து பராமரிக்கப்படும்.

திரையும் உள்ளீடும்

சுட்டியும் விசைப்பலகையும் கொண்டு இயக்க அமைந்த சாளரங்களைக் கட்டைவிரலால் இயக்குவது கடினம். அதனால் லொமிரி, ஃபோஷ், பிளாஸ்மா மொபைல் போன்ற தனி இடைமுகங்கள் உருவாயின. செயலிகளும் திரையின் அகலத்துக்கேற்பத் தம் அமைப்பை மாற்றிக்கொள்ளுமாறு எழுதப்படுகின்றன. அதே திறன்பேசியைப் பெரிய திரையுடன் இணைத்தால், அச்செயலிகள் மேசைக்கணினி வடிவுக்கு விரிந்துகொள்ளும்.

தமிழைப் பொறுத்தவரை இரண்டு தேவைகள் உள்ளன. எழுத்துகளைச் சரியாக வடிவமைத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் நிரலகம் மேசைக்கணினி லினக்ஸிலிருந்தே கிடைத்துவிடுகிறது. தமிழ்99 போன்ற தொடுதிரை விசைப்பலகை அமைப்பையோ ஒவ்வொரு இடைமுகத்துக்கும் தனியே சேர்க்க வேண்டியிருக்கலாம். நிரலாக்கத்தில் ஆழ்ந்த பயிற்சி இல்லாதவர்களும் பங்களிக்கக்கூடிய பணி இது.

இந்தியாவில்

குஜராத்தின் வடோதரா நகரைச் சேர்ந்த பூஷண் ஷா, கேடிஇ குழுமத்தின் பிளாஸ்மா மொபைல் வளர்ச்சியில் முன்னணிப் பங்காற்றியவர். 2015 சூலையில் ஸ்பெயினின் அ கொருனா நகரில் நடந்த அகாடமி மாநாட்டில் இவ்விடைமுகம் அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் அது நெக்சஸ் 5 திறன்பேசியில் இயங்கியது.

செயில்பிஷ் இயங்குதளம் கொண்ட ஜொல்லா திறன்பேசி 2014இலும், இன்டெக்ஸ் அக்வா பிஷ் 2016இலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. இரண்டுமே பெரிய அளவில் வேரூன்றவில்லை. ஆண்ட்ராய்டில் கிடைக்கும் செயலிகளின் எண்ணிக்கையோடு போட்டியிடுவதே இத்தகைய இயங்குதளங்களின் பெரும் இடர்ப்பாடு.

நடைமுறைத் தடைகள்

விழுப்புரம் மாவட்டத்தின் கோட்டக்குப்பத்தில் ஒரு மாணவரிடம் பழைய போக்கோ எஃப்1 இருப்பதாகக் கொள்வோம். 2018இல் இந்தியாவில் வெளியான இத்திறன்பேசிக்கு அதிகாரப்பூர்வ இற்றைகள் ஆண்ட்ராய்டு 10-உடன் நின்றுவிட்டன. ஆனால் அதன் ஸ்னாப்டிராகன் 845 சில்லுக்கு முதன்மைக் கருனியில் நல்ல ஆதரவு உள்ளதால், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் நிறுவ ஏற்ற கருவிகளுள் அதுவும் ஒன்று. நிறுவும் முன் அவர் சிலவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது தரவு இழப்பு. தொடக்க ஏற்றியின் பூட்டைத் திறக்கும்போது, கருவியில் உள்ள படங்களும் கோப்புகளும் அழிந்துவிடும்.

இரண்டாவது அழைப்பு. ஜியோ வலையமைப்பில் 2ஜி, 3ஜி சேவைகள் இல்லை. குரல் அழைப்புகள் வோல்டி முறையிலேயே செல்கின்றன. திறன்பேசி லினக்ஸில் வோல்டி எல்லாக் கருவிகளிலும் இயங்குவதில்லை. இணையம் வேலை செய்தாலும் அழைப்பு வராமல் போகலாம். அவசர அழைப்பும் தடைபடக்கூடும்.

மூன்றாவது பணப் பரிமாற்றம். வேடிராய்டு என்னும் கொள்கலன் வழியாக ஆண்ட்ராய்டு செயலிகளை லினக்ஸில் இயக்கலாம். எனினும் வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் கருவியின் நம்பகத்தன்மையைச் சோதித்து இயங்க மறுப்பதுண்டு. கேமராவின் தரமும், மின்கலம் தாங்கும் நேரமும் குறையலாம்.

இக்காரணங்களால், குடும்பத்தில் உள்ள ஒரே திறன்பேசியில் இம்முயற்சியை மேற்கொள்வது உகந்ததன்று. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லும் பள்ளியின் அறிவிப்பும் அதே கருவிக்கு வரும் நிலையில், ஒரு நாள் தடையும் இழப்பாகலாம்.

கல்விப் பயன்

பயன்பாட்டில் இல்லாத இரண்டாவது திறன்பேசிக்கு நிலைமை வேறு. போக்கோ எஃப்1-இல் குறைந்தது 6 ஜிபி நினைவகம் உள்ளது. விசைப்பலகையை இணைத்தால் பைத்தான் எழுதவும், சிறிய வலைச் சேவையகம் நடத்தவும், லினக்ஸ் கட்டளைகளைப் பயிலவும் அது போதுமானது. கணினி வாங்க இயலாத வீட்டில் அது ஒரு கணினியாகவே பயன்படும்.

நிறுவுவதற்கு முன், அந்தந்தத் திட்டத்தின் கருவிப் பட்டியலில் எந்தெந்த உறுப்புகள் இயங்குகின்றன என்பதைச் சரிபார்ப்பது இன்றியமையாதது. விழுப்புரம் மாவட்டத்திலும் அண்டையிலுள்ள புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள் பயனர் குழுக்கள் செயல்படுகின்றன. அத்தகைய குழுக்களின் உதவியோடு தொடங்கினால், கருவி இயங்காமல் போகும் ஆபத்தும் குறையும். கற்றுக்கொண்டதைப் பிறருக்குப் பயன்படுமாறு ஆவணப்படுத்தவும் முடியும்.