எஃகுச் சட்டமும் எந்திரக் கையும்

வானளாவி நிற்கும் மாளிகை ஒன்றைக் காணுங்கால், அதன் கண்ணாடியும் வண்ணமுமே நம் கண்ணைக் கவர்கின்றன. அவற்றைத் தாங்கி உள்ளே மறைந்து நிற்பது எலும்புக்கூடு போன்ற எஃகுச் சட்டமாகும். தூண்களும் உத்திரங்களும் கூடிய அச்சட்டம், கட்டடம் எழும் மனையில் உருவாவதன்று. தொலைவிலுள்ள பட்டறையில் ஒவ்வோர் உறுப்பும் அளந்து அறுக்கப்பட்டு, துளையிடப்பட்டு, எண் பொறிக்கப்பட்டு வந்து சேர்கின்றது. மனையில் நடைபெறுவது பெரும்பாலும் கோத்தலே. ஆதலின், பட்டறையில் ஒரு துளை விரற்கடை விலகினும், பாரந்தூக்கியில் தொங்கும் உத்திரம் தனக்குரிய இடத்தில் பொருந்தாது.

நியூயார்க்கு நகரின் எம்பயர் ஸ்டேட் மாளிகை 1930ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 1931 மே முதல் நாள் திறக்கப்பெற்றது. அதன் சட்டத்திற்கு ஏறத்தாழ 57,000 டன் எஃகு செலவாயிற்று. அதனை இணைத்தவர்கள் நால்வர் நால்வராகப் பிரிந்து உழைத்தனர். ஒருவர் ரிவெட்டு ஆணியை உலையிலிட்டுச் செந்நிறமாகக் காய்ச்சுவார். இடுக்கியால் பற்றி வீசுவார். மற்றொருவர் அந்த நெருப்புத் துண்டைத் தகரக் குவளையில் ஏந்தித் துளையிற் செருகுவார். மூன்றாமவர் ஆணியின் தலையை அழுத்திப் பிடிக்க, நான்காமவர் காற்றுச் சம்மட்டியால் மறுமுனையை அடித்துத் தட்டையாக்குவார். பன்னூறு அடி உயரத்தில், குறுகிய உத்திரத்தின்மேல் நின்று இதனைச் செய்தனர் என எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகின்றது!

அக்காலப் பட்டறையும் மனிதக் கையையே நம்பியிருந்தது. அகன்ற தளத்தில் உறுப்பின் உருவை முழு அளவில் வரைவர். மரத்தால் மாதிரி செய்வர். அதனை எஃகின்மேல் வைத்துச் சுண்ணக்கட்டியால் கோடிழுத்து, துளை வரவேண்டிய இடங்களில் உளியால் புள்ளி குத்துவர். தேர்ந்த கையினர் செய்தால் பணி செவ்வனே அமையும். களைத்த கையினர் செய்தால்?

1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட நாடாவிலுள்ள எண்களைப் படித்துத் தானே உலோகத்தைக் கடையும் எந்திரம் ஒன்று காட்டப்பெற்றது. அதன் வழித்தோன்றல்களே இன்றைய எஃகுப் பட்டறைகளில் உள்ளன. பொறியாளர் கணினியில் அமைத்த உருவம், எண்களாக எந்திரத்தை அடைகின்றது. உருளைகளின்மேல் உத்திரம் நகர்ந்து வர, வாள் அதனை அறுக்கின்றது. துளையிடும் முனைகள் மேலும் பக்கங்களிலும் ஒரே நேரத்தில் துளைக்கின்றன. மரமாதிரிக்கும் சுண்ணக்கட்டிக்கும் அங்கே வேலையில்லை.

எனினும் அறுப்பதும் துளைப்பதும் எளிது, பற்றவைத்தலே அரிது. 1961ஆம் ஆண்டில் யூனிமேட் என்னும் முதல் தொழிலக எந்திரக் கை, அமெரிக்க நாட்டு மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றில் சூடான வார்ப்புகளை எடுத்து வைக்கத் தொடங்கிற்று. (ரோபாட் என்ற சொல்லோ அதற்கு முன்னரே, 1920இல், செக் நாட்டு நாடக ஆசிரியர் காரல் சாப்பெக்கின் நாடகத்தில் தோன்றிவிட்டது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லே அதன் வேராகும்.) பின்னர் மோட்டார் வண்டிகளைப் பற்றவைக்கும் பணியில் எந்திரக் கைகள் பெருகின. கட்டடப் பட்டறைக்கு அவை எளிதில் வாராமைக்குக் காரணம் யாது? வண்டிகள் ஓர் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றையொன்று ஒத்தவை. சொன்னதைச் சொல்லும் கிளிபோல் கற்ற அசைவையே கை திரும்பச் செய்தால் போதும். கட்டட உத்திரங்களோ நீளத்தாலும் துளைகளாலும் வேறுவேறானவை. ஆலையில் உருட்டப்பெற்ற எஃகு சிறிது வளைந்தும் முறுகியும் இருப்பதுண்டு. பற்றவைக்கும் வெப்பத்தாலோ அது மேலும் சுருங்கும். கண்ணுள்ள தொழிலாளி இடைவெளி அகன்றால் கையைத் தாழ்த்துவான், குறுகினால் விரைவான். கண்ணில்லாத கை என் செய்யும்? ஆகவே இன்று எந்திரக் கைக்கும் கண் அளித்துள்ளனர். லேசர் ஒளியாலோ கம்பியின் நுனியாலோ அது முதலில் இணைப்பைத் தடவி அளந்து, தன் வழியைத் திருத்திக்கொண்ட பின்னரே பற்றவைக்கத் தொடங்குகின்றது.

இணைப்பின் நேர்மை உயிர்களைக் காப்பதாகும். 1994 சனவரி 17ஆம் நாள் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜில் நிலம் நடுங்கிற்று. எஃகுக் கட்டடங்கள் பல அசையாது நின்றன போலத் தோன்றின. பின்னர்ப் பூச்சை நீக்கிப் பார்த்தபோது, தூணும் உத்திரமும் கூடும் பற்றவைப்புகள் விரிந்திருக்கக் கண்டு பொறியாளர் திடுக்கிட்டனர். சரியாக ஓராண்டு கழித்து, அதே நாளில் ஜப்பானின் கோபே நகரிலும் அத்தகைய பிளவுகள் காணப்பெற்றன. குற்றம் முழுவதும் கைவினைஞருடையதன்று. எளிதில் முறியும் நிரப்பு உலோகமும் வடிவக் குறையும் பெருங்காரணங்களாகும். ஆயினும், நெருக்கடியான இடத்தில் பற்றவைப்பை நிறுத்தித் தொடங்கும் இடங்களும் வலுவிழந்திருந்தன. ஜப்பானியப் பட்டறைகளில் சதுரத் தூணை மெல்லச் சுழற்ற, எந்திரக் கை மூலைகளிலும் நில்லாமல் பற்றவைக்கும் முறையின் சிறப்பு இதனால் விளங்கும்.

தொழிலாளியின் நலனும் இதில் அடங்கியுள்ளது. பற்றவைப்பின் ஒளி கண்ணைச் சுடும். அதன் புகை புற்றுநோயை விளைப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வகைப்படுத்திற்று. அப்புகையிலிருந்து மனிதன் விலகி நிற்பது நன்றே. ஆனால் விலகியவனுக்கு வேறு வேலை உண்டா என்னும் கேள்வியைப் புறந்தள்ளுதல் முறையன்று. எந்திரக் கையைக் கண்காணிக்கப் பழைய கைவினைஞரையே பயிற்றும் பட்டறை, தன் அனுபவத்தை இழவாது. ஓசையைக் கேட்டே பற்றவைப்பு பிழைத்ததென்று சொல்லும் செவி, ஒரே நாளில் வாய்ப்பதன்றே!

மனையில் இன்னும் மனிதனுக்கே முதலிடம். காற்றில் ஆடிவரும் உத்திரத்தைக் கயிற்றால் நிலைப்படுத்தி, துளையோடு துளை பொருத்தி, முதல் திருகாணியைச் செருகுபவர் இன்றும் உயரத்தில் நிற்கும் இரு தொழிலாளரே ஆவர்.