உட்கருவுக்குள் போகும் லாரி!

குட்டீஸ்... சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்களா? எதிரே வரும் லாரிகளை எண்ணி முடிக்க முடியாது. நான் வகுப்பில் 'செல்' பாடம் நடத்தும்போதெல்லாம் இந்த லாரிகளைத்தான் உதாரணம் சொல்வேன். உங்கள் உடம்பிலும் லாரிகள் ஓடுகின்றன!

நம் செல்லுக்கு நடுவே உட்கரு இருக்கிறது. டி.என்.ஏ. பத்திரமாக இருக்கும் கோட்டை அது. அங்கே வேலை செய்யப் பல புரதங்கள் வேண்டும். ஆனால், புரதம் தயாராவது கோட்டைக்கு வெளியே! உட்கருவைச் சுற்றியுள்ள சவ்வில் ஆயிரக்கணக்கான வாசல்கள் உண்டு. சின்னப் பொருட்கள் சைக்கிள் மாதிரி தாமே நுழைந்துவிடும். பெரிய புரதத்துக்கு லாரி வேண்டும். அந்த லாரிதான் 'இம்போர்ட்டின்'. அதுவும் ஒரு புரதமே.

சரி, எந்தச் சரக்கை ஏற்றுவது என்று லாரிக்கு எப்படித் தெரியும்? புக்கிங் ஆபீசில் மூட்டை மேல் சீட்டு ஒட்டுவார்களே, அதுபோல உட்கருவுக்குப் போகவேண்டிய புரதத்திலும் ஒரு சீட்டு இருக்கிறது. சில அமினோ அமிலங்கள் வரிசையாக நிற்பதுதான் சீட்டு. 1984ல் ஒரு வைரசின் புரதத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். அதில் மொத்தம் ஏழே அமினோ அமிலங்கள். ஒரே ஒரு லைசினை மாற்றிப் பார்த்தார்கள். புரதம் உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றுவிட்டது! முகவரியில் ஒரு எழுத்து தப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

இம்போர்ட்டின் ஆல்ஃபா சீட்டைப் படித்துச் சரக்கைப் பிடித்துக்கொள்ளும். இம்போர்ட்டின் பீட்டா இரண்டையும் சேர்த்து வாசல் வழியே கொண்டுபோகும். உள்ளே 'ரான்' என்ற புரதம் வந்து பீட்டாவைப் பிடித்ததும் சரக்கு இறங்கிவிடும். காலி வண்டியாகத் திரும்பினால் நஷ்டம் என்று நம்மூர் டிரைவர் ரிட்டர்ன் லோடு தேடுவார் அல்லவா? பீட்டாவும் வெறுமனே திரும்பாது. ரானை ஏற்றிக்கொண்டுதான் வெளியே வரும்!

இந்த லாரியை எதிலிருந்து பிரித்தெடுத்தார்கள் தெரியுமா? தவளை முட்டையிலிருந்து! 1994ல் டிர்க் கோர்லிச் என்ற விஞ்ஞானியும் அவருடைய நண்பர்களும் இதைச் செய்தார்கள். மனிதரிடமும் அதே வகை லாரி ஓடுகிறது. நம் கோழிகளிடமும்தான்.

கோழி என்றதும் பறவைக் காய்ச்சல் நினைவுக்கு வருகிறது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் அந்த நோய் வந்தபோது, இங்கே நாமக்கல்லில் முட்டை விலை சரிந்தது. (நன்றாக வேகவைத்த முட்டையில் அந்த வைரஸ் பிழைக்காது, பயம் வேண்டாம்!)

ஃப்ளூ வைரசுக்கு ஒரு விசேஷம். தன்னைப் பெருக்கிக்கொள்ள அது உட்கருவுக்குள் போயே ஆகவேண்டும். எப்படிப் போகிறது? தன் புரதங்களில் அதே மாதிரி சீட்டை வைத்துக்கொண்டு நம் லாரியிலேயே ஏறிவிடுகிறது. கள்ளச் சீட்டு!

மனிதரிடம் ஆல்ஃபாவில் ஏழு வகை இருக்கிறது. பறவைகளிடம் பழகிய ஃப்ளூ வைரஸ் 'ஆல்ஃபா-3' என்ற வகையை நம்புகிறது. மனிதர் போன்ற பாலூட்டிகளுக்குப் பழகியதோ 'ஆல்ஃபா-7' பக்கம் சாய்ந்துவிடுகிறது. கோழியின் நோய் நமக்குச் சுலபமாக ஒட்டாததற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இந்த லாரி மாற்றமும் ஒரு தடைதான். 2011ல் ஜெர்மனியைச் சேர்ந்த குல்சா கேப்ரியல் குழுவினர் ஆல்ஃபா-7 இல்லாத எலிகளுக்கு, பாலூட்டிகளுக்குப் பழகிய ஃப்ளூ வைரசைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த எலிகளில் அதிகமானவை பிழைத்துக்கொண்டன.

"அப்படியானால் லாரியையே நிறுத்திவிடலாமே சார்?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால், செல் பிரியத் தயாராகும்போது ஒவ்வொரு வாசல் வழியாகவும் நிமிடத்துக்குச் சுமார் 100 ஹிஸ்டோன் புரதங்கள் உள்ளே போகவேண்டும். டி.என்.ஏ. நூலைச் சுற்றிவைக்கும் கண்டுகள் அவை. லாரி நின்றால் நம் சொந்தச் சரக்கும் நடுரோட்டில் நின்றுவிடும். அதனால், வண்டியை விட்டுவிட்டுக் கள்ளச் சீட்டை மட்டும் பிடிக்கும் மருந்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.