பேரிடர்க் காலமும் தன்னிறைவுள்ள சபையும்

‘தன்னிறைவு’ என்னும் சொல் நம்மிடையே இரு பொருளில் வழங்குகிறது. பிறர் உதவி வந்து சேரும் வரையில் தாங்கி நிற்கும் ஆற்றல் என்பது ஒரு பொருள். தன் களஞ்சியத்தை நிரப்பிக்கொண்டு கதவை அடைத்துக்கொள்ளும் மனநிலை என்பது மற்றொன்று. பேரிடர்களுக்கு ஆயத்தமாக இருங்கள் என்று சபையாருக்குப் போதிக்கும் போதகர், இவற்றுள் எதனைக் கருதுகிறார் என்பதைத் தெளிவாக உணர்ந்திருத்தல் வேண்டும். வடசென்னையின் நிலையை முன்வைத்து இதனை ஆராய்ந்து, ஒரு சபை செய்யத்தக்கவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பேசின் பிரிட்ஜ் தரும் பாடம்

தன்னிறைவுள்ள சமூகம் என்றவுடன் கிணறும் வயலும் தொழுவமும் உள்ள சிற்றூர் ஒன்றே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. பேசின் பிரிட்ஜில் வாழும் சபையாருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. இருப்புப்பாதைகளுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே நெருங்கிய குடியிருப்புகள். ஓட்டேரி நல்லா வந்து கால்வாயுடன் சேரும் தாழ்நிலம். வடக்கே மணலி, எண்ணூர் வரை நீளும் தொழிற்சாலைகள். குடிநீரும் அரிசியும் மின்சாரமும் வெளியிலிருந்தே வரவேண்டும்.

இக்கால்வாயின் வரலாறே சிந்திக்கத்தக்கது. சென்னையிலிருந்து எண்ணூர் வரையான பகுதி 1806இல் தொடங்கப்பட்டது. தெற்கே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியோ 1877–78இல், பெரும் பஞ்சத்தின்போது, பசித்த மக்களுக்குக் கூலி கொடுக்கும் நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. பஞ்சம் வந்தபின் செய்த ஏற்பாடு அது. வருமுன் செய்த ஏற்பாடு அன்று.

அண்மைக் காலத்தில் இவ்வட்டாரம் கண்டவற்றை வரிசைப்படுத்துவோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மீனவர் குப்பங்களைத் தாக்கியது. 2015 டிசம்பரில் பெருவெள்ளம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்திற்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியதால் கடலில் எண்ணெய் பரவியது; மக்கள் வாளிகளால் அதனை அள்ளினர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 இலட்சம் லிட்டர் குடிநீர் இரயிலில் வில்லிவாக்கத்திற்கு வந்தது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் அம்மோனியா வாயு கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் இருளில் வீடுகளை விட்டு ஓடினர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

இவற்றிலிருந்து மூன்று உண்மைகள் விளங்குகின்றன. முதலாவது, இங்கு முழுமையான தன்னிறைவு இயலாதது. இரண்டாவது, அரசின் உதவி எவ்வளவு விரைந்தாலும், வெள்ளம் சூழ்ந்த தெருவுக்கு முதல் ஓரிரு நாள்களில் அடுத்த வீட்டாரே துணை. மூன்றாவது, எல்லா இடர்களுக்கும் ஒரே ஆயத்தம் பொருந்தாது. வெள்ளத்தில் மேல்மாடிக்கு ஏற வேண்டும். வாயுக் கசிவில் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடி, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலக வேண்டும். விலக இயலாதவர் கதவு சன்னல்களை அடைத்து உள்ளே இருத்தல் வேண்டும்.

2. திருமறை நோக்கு

யோசேப்பு ஏழு வளமான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்திலொரு பங்கைச் சேர்த்து வைத்தார் (ஆதி. 41). இதனை எடுத்துக்காட்டிப் பிரசங்கிப்பவர் பலர். ஆனால் 47ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிப்பவர் சிலரே. அங்கே பசித்தவர் முதலில் பணத்தையும், பின்பு கால்நடைகளையும், அதன்பின் நிலத்தையும், இறுதியில் தங்களையும் பார்வோனுக்கு விற்றனர். களஞ்சியம் உயிரைக் காத்தது. அதன் திறவுகோல் ஒரே கையில் இருந்ததால் அடிமைத்தனத்தையும் பிறப்பித்தது. எனவே எவ்வளவு சேர்த்தோம் என்று கேட்கும்போதே, அது யார் பொறுப்பில், யாருக்காக இருக்கிறது என்றும் கேட்டல் வேண்டும்.

மன்னாவின் வரலாறும் இதையே கற்பிக்கிறது. அச்சத்தால் மறுநாளுக்கென்று மறைத்து வைத்தது புழுத்தது, ஓய்வுநாளுக்காக எல்லாரும் சேர்த்து வைத்ததோ கெடவில்லை (யாத். 16). பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்க்கும்போது இம்மன்னாவையே நினைவூட்டி, சமநிலையை வற்புறுத்துகிறார் (2 கொரி. 8:13–15).

அடுத்த அதிகாரத்தில் அவர் ஆளும் ஒரு சொல் ஈண்டுக் கூர்ந்து நோக்கத்தக்கது. ‘அவுட்டார்க்கெயா’ என்னும் கிரேக்கச் சொல் ஸ்தோயிக்கரிடையே, எவரையும் சாராத ஞானியின் தன்னிறைவைக் குறித்தது. பவுல் அச்சொல்லை எடுத்து அதன் போக்கையே மாற்றிவிடுகிறார்: கடவுள் போதுமானதைத் தருவது, நாம் எல்லா நற்செயல்களிலும் பெருகும்பொருட்டே (2 கொரி. 9:8). தன்னிறைவின் இலக்கு தனித்திருத்தல் அன்று. கொடுக்கத்தக்க நிலையில் இருத்தல்.

அந்தியோகியாச் சபை இதற்குச் செயல்முறை விளக்கம் தருகிறது. பஞ்சம் வரும் என்று அகபு அறிவித்தவுடன், அச்சபையார் தங்களுக்கென்று தானியம் பதுக்கியதாக லூக்கா எழுதவில்லை. ஒவ்வொருவரும் தம் தகுதிக்கேற்பச் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்பினர் (அப். 11:27–30). முன்னறிவு கிடைத்தபோது அவர்கள் கேட்ட கேள்வி, முதலில் துன்புறப்போகிறவர் யார் என்பதே.

3. சபை செய்யத்தக்கவை

இடவசதியுள்ள சபை ஒன்று, தன் கூடத்தில் 200 பேரை மூன்று நாள் தங்கவைக்கத் திட்டமிடுகிறது என்று கொள்வோம்.

நீர்: உலக நிவாரண அமைப்புகள் ஏற்றுக்கொண்டுள்ள ஸ்பியர் அளவுகோலின்படி, ஒருவருக்கு நாள்தோறும் குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் 15 லிட்டர் தேவை. ஆகவே 200 பேருக்கு மூன்று நாளில் 9,000 லிட்டர். அதில் குடிநீர் மட்டும் ஏறக்குறைய 1,800 லிட்டர். இது மாடியிலுள்ள மூடிய தொட்டிகளில் இருத்தல் வேண்டும். நிலத்தடித் தொட்டியில் வெள்ளமும் சாக்கடையும் புகும். மின்சாரம் நிறுத்தப்பட்டால் மோட்டாரும் இயங்காது. 1,000 லிட்டர் தெளிந்த நீருக்கு ஏறக்குறைய 2.5 கிராம் தரமான பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். ஆனால் எண்ணெயோ இரசாயனமோ கலந்த நீரைப் பிளீச்சிங் பவுடராலும் தூய்மையாக்க இயலாது, கொதிக்கவைத்தாலும் ஆகாது. வடசென்னையில் இதனை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருத்தல் வேண்டும்.

உணவு: ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசியும் 60 கிராம் பருப்பும் எனக் கொண்டால், 240 கிலோ அரிசியும் 36 கிலோ பருப்பும் போதும். இவற்றைப் புரட்டாசியில் வாங்கி மேல்மாடியில் வைத்து, வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் தை மாதத்தில் விதவைகளுக்கும் வறியோருக்கும் பகிர்ந்தளித்துவிடலாம். அதனால் தானியம் கெடாது, களஞ்சியமும் விக்கிரகமாகாது. இதற்குப் புதிய நிதி தேட வேண்டியதில்லை. நம் தாய்மார் உலையிடும்போது எடுத்து வைக்கும் பிடியரிசிக் காணிக்கையே இதன் ஊற்று. ஆயிரம் பேருக்கு அசனம் சமைக்கத் தெரிந்த சபைக்கு 200 பேருக்குக் கஞ்சி காய்ச்சுவது கடினமன்று. அண்டாவும் அடுப்பும் விறகும் வெள்ளம் எட்டாத இடத்தில் இருக்கின்றனவா என்பதே கேள்வி.

கழிப்பிடம்: தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று என்னும் அளவில் நான்கு வேண்டும். பெண்களுக்குரியவை தனியாகவும் வெளிச்சம் உள்ளனவாகவும் அமைதல் வேண்டும்.

வீட்டுப் பதிவேடு: இதுவே எல்லாவற்றிலும் முதன்மையானது. வீடு சந்திக்கும் போதகரின் கையேட்டில் தனித்து வாழும் முதியோர், கருவுற்ற தாய்மார், நடக்க இயலாதோர், இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் நோயாளர் ஆகியோரின் பெயர்கள் தெருவாரியாக இருக்கட்டும். ஒவ்வொருவரின் கதவையும் தட்டும் பொறுப்பை ஒரு குறிப்பிட்ட ஆளுக்குக் கொடுத்தல் வேண்டும். எருசலேமில் சில விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டபோது, திருத்தூதர் அறிவுரையோடு நிற்காமல் எழுவரைப் பெயர் சொல்லி நியமித்தனர் (அப். 6:1–6). இப்பதிவேட்டில் அத்தெருவில் வாழும் பிற சமயத்தாரின் பெயர்களும் இடம்பெறுதல் வேண்டும். வெள்ளம் உறுப்பினர் பட்டியலைப் பார்த்து வருவதில்லை.

திறவுகோல்: கூடத்தின் திறவுகோல் குறைந்தது மூவரிடம் இருக்கட்டும், அவருள் ஒருவர் பெண்ணாகவும், ஒருவர் அடுத்த தெருவில் வாழ்பவராகவும் இருத்தல் நலம். இருப்புக் கணக்கை மாதந்தோறும் சபையாருக்கு வாசித்தல் வேண்டும்.

4. இரு தடைகள்

நாளைக்காகக் கவலைப்பட வேண்டாம் என்று ஆண்டவர் கற்பித்திருக்க, இத்தகைய ஏற்பாடு அவிசுவாசம் ஆகாதா எனச் சிலர் வினவக்கூடும். ஆண்டவர் கடிந்தது கவலையை. பிறர்க்கான பொறுப்பை அன்று. மதிகேடனான ஐசுவரியவானின் குற்றம் களஞ்சியம் கட்டியதன்று, அதைக் குறித்துத் தன் ஆத்துமாவோடு மட்டும் பேசிக்கொண்டதே (லூக். 12:16–21).

இரண்டாவது தடை இதனினும் கனமானது. மக்கள் தாங்களே ஆயத்தமாகிவிட்டால், அரசும் ஆலைகளும் தம் கடமையிலிருந்து தப்பிவிடாவா? இவ்வச்சம் நியாயமானதே. 1984 டிசம்பரில் போபாலில் நிகழ்ந்த பேரழிவுக்குப்பின் வகுக்கப்பட்ட 1989ஆம் ஆண்டின் விதிகள், அபாயகரமான இரசாயனங்களைப் பேரளவில் கையாளும் ஆலை, சுற்றி வாழ்வோருக்கு ஆபத்தின் தன்மையையும் அப்போது செய்ய வேண்டியதையும் அறிவிக்கக் கட்டளையிடுகின்றன. 1996ஆம் ஆண்டின் விதிகள் உள்ளூர் நெருக்கடிக்கால குழுக்களுக்கு வகைசெய்கின்றன. அவ்வறிவிப்பைக் கேட்டுப் பெறுவதும், அக்குழு கூடுகிறதா என்று விசாரிப்பதும் ஆயரின் பணியே. கஞ்சி காய்ச்சும் சபை, கசிவுக்குக் காரணம் கேட்கவும் வேண்டும். ஒன்றைச் செய்து மற்றொன்றை விடுவது ஊழியத்தைப் பாதியாக்குவதாகும்.

இறையியல் மாணவர் தம் களப்பணிச் சபையில் முதலில் செய்யத்தக்கது எளியது: ஒரு தெருவைத் தெரிந்துகொண்டு அதன் வீட்டுப் பதிவேட்டை எழுதி முடித்தல். அதன்பின் வெள்ளம் எந்தப் படி வரை ஏறியது, கூடத்தின் திறவுகோல் யாரிடம் உள்ளது என்னும் இரண்டையும் விசாரித்துக் குறித்துக்கொள்ளலாம். பருவமழைக்கு முன்பே இம்மூன்றையும் ஆயர்க்குழுவின் முன் வைப்பாராக.