ஆறு அரித்த கல்

இலங்கையின் மிக நீண்ட ஆறு மகாவலி. அப்படியிருக்க, மாணிக்கக் கல்லுக்குப் பேர்போனது மட்டும் ஏன் களு கங்கைக் கரை? ஒரு வாசகரின் கேள்வி இது. மகாவலியின் துணையாறான அம்பன் கங்கைப் பக்கமும் கல் எடுக்கிறார்கள் என்றாலும், கேள்வி நியாயமானதே. அந்தக் கரையிலுள்ள இரத்தினபுரி மண்ணின் ராசி என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆறு இறங்கும் சரிவைப் பார்த்தால் போதும்.

நடுவிலுள்ள மலைநாட்டிலிருந்து பேராறுகள் நாலாபுறமும் பிரிந்து ஓடுகின்றன. மகாவலி 335 கி.மீ. சுற்றி, உலர்ந்த சமவெளியைக் கடந்து, திருகோணமலையை ஒட்டிய கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. களனியும் களுவும் சிவனொளிபாதமலை வட்டாரத்தில் பிறந்து மேற்குக் கடலுக்கு விரைகின்றன. களு கங்கையின் நீளம் 129 கி.மீ.தான். ஆனால் அது இறங்குவது தென்மேற்குப் பருவமழை நேரே வந்து மோதும் சரிவில். இரத்தினபுரியை எட்டுவதற்குள் ஏறத்தாழ முழு உயரத்தையும் இறங்கிவிடுகிறது. அங்கிருந்து கடலில் கலக்கும் களுத்துறை வரை அநேகமாகத் தட்டை நிலம். பாய்ந்து வந்த ஆறு சட்டென்று நடை தளரும் இடம் இரத்தினபுரி. அந்த ஊரில் வெள்ளம் அடிக்கடி ஏறுவதும் இதனால்தான்.

அரிக்கன் சட்டியில் அரிசி அரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டியை ஆட்டி ஆட்டி நீரைச் சாய்த்தால் அரிசி போய்விடும், கல் அடியில் தங்கிவிடும். ஆறும் அதையே செய்கிறது. அது சாய்த்துவிடுவது படிகக்கல்லை, தங்கவைப்பது நீலக்கல்லை. படிகக்கல்லின் அடர்த்தி 2.65, நீலக்கல்லின் அடர்த்தி 4. வெளியில் வைத்து நிறுத்தால் நீலக்கல் ஒன்றரை மடங்குதான் கனம். நீருக்குள் இரண்டும் நீரின் அடர்த்தியான ஒன்றை இழக்கின்றன: 1.65க்கு எதிரே 3. வித்தியாசம் 1.8 மடங்காகிவிடுகிறது! ஆகவே ஒரு சென்டிமீட்டர் நீலக்கல், ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் கூழாங்கல்லோடு சேர்ந்து படியும். சட்டியின் உட்புற வரிகள் கல்லைப் பிடித்துவைப்பதுபோல ஆற்றடிப் பாறையின் பள்ளங்களும் பிடித்துவைக்கும். கை வேகம் கூடினால் கல்லும் அரிசியோடு போய்விடும், குறைந்தால் அரிசியும் தங்கிவிடும். ஆற்றின் கைவேகத்தை முடிவு செய்வது மழையும் சரிவும். ஆறு தடம் மாறும்போது பழைய சட்டி அப்படியே மண்ணுக்குள் புதைந்துவிடுகிறது. அதனால்தான் வயலின் நடுவே குழி வெட்டி, களிமண்ணுக்கும் மணலுக்கும் கீழே கிடக்கும் கூழாங்கல் படுகையைத் தேடுகிறார்கள். சுரங்கத்தார் அதை 'இல்லம்' என்பார்கள். மேலே கொண்டுவந்து கூடையில் சுழற்றிக் கழுவும்போது, ஆறு பாதியில் விட்ட அரிப்பை அவர்கள் முடித்துவைக்கிறார்கள்.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவின் அரசனிடம் உள்ளங்கை நீளமும் கைப் பருமனும் கொண்ட சிவப்புக்கல் ஒன்று இருந்ததாக எழுதிவைத்தார். அளவை மிகைப்படுத்தும் பழக்கம் புதிதல்ல.

2021 ஜூலையில் இரத்தினபுரியில் கிணறு தோண்டும்போது 510 கிலோ நீலக்கல் திரள் கிடைத்ததாகவும், அதன் மதிப்பு 10 கோடி டாலர் வரை போகும் என்றும் உலகமெங்கும் செய்தி வந்தது. எடையைக் காரட்டாக்கி விலையால் பெருக்கும் கணக்கு எனக்கு உடன்பாடில்லை. ஆறு கல்லைப் பிரிப்பதோடு சோதிக்கவும் செய்கிறது. கூழாங்கற்களோடு மோதி உருளும்போது, உள்ளே விரிசலோடிய கற்கள் உடைந்து சிறுத்துப்போகும். உறுதியானவை முனை மழுங்கித் தப்பும். இல்லத்தில் கிடைக்கும் சிறு கல்லுக்குத் தனி மதிப்பு அதனால்தான். அரை டன் திரளை ஆறு அப்படி உருட்டிப் பார்த்திருக்கும் என்று சொல்லமுடியாது. அதற்குள் பட்டை தீட்டத் தகுந்த கல் எவ்வளவு என்பதை வெட்டிப் பார்த்தால்தான் சொல்லமுடியும்.