பொறுத்தலும் மன்னித்தலும்: தமிழ்க் கிறித்தவ அன்றாட வாழ்வில் இரக்கத்தின் சொற்பொருள்

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவ வாழ்வின் அன்றாட அறமாகிய மன்னிப்பைத் தமிழ், ‘பொறு’, ‘மன்னி’ என்னும் இரு வினைகளால் வழங்கிவருகிறது. இவை ஒருபொருட் சொற்களாகக் கொள்ளப்படினும், முன்னது சுமத்தலையும் பின்னது விடுவித்தலையும் முதன்மைப்படுத்துகின்றன. இவ்வேறுபாட்டையும், ‘கடன்’, ‘இரக்கம்’, ‘ஒப்புரவு’ ஆகிய சொற்களோடு அதற்குள்ள உறவையும் இக்கட்டுரை விளக்குகிறது. மன்னிப்பைப் பொறுமையாக மட்டும் சுருக்குவது, தீங்குற்றோர் மீதே மீண்டும் சுமையை ஏற்றிவிடும் என்பது இதன்வழிப் பெறப்படும் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: பொறை, மன்னிப்பு, கடன், இரக்கம், ஒப்புரவு, விவிலிய மொழிபெயர்ப்பு.

1. முன்னுரை

இயேசு கற்பித்ததாக மத்தேயு, லூக்கா ஆகிய இரு நற்செய்திகளும் தரும் மன்றாட்டு, கிறித்தவர் நாள்தோறும் சொல்லும் செபமாகும். அதன் வேண்டல்களுள் மன்னிப்பைக் கேட்கும் வேண்டல் தனித்தன்மை உடையது. பிற வேண்டல்கள் இறைவன் செய்ய வேண்டுவதை மட்டும் கூறுகின்றன; இதுவோ வேண்டுபவர் பிறருக்குச் செய்வதையும் உடன் கூறுகிறது. மத்தேயு நற்செய்தியில் செபம் முடிந்தவுடன் இவ்வேண்டல் ஒன்றற்கே விளக்கம் தரப்படுவதும் (6:14-15) நோக்கத்தக்கது.

தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கத்திலேயே இப்பொருள் இடம்பெற்றுள்ளது. அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. அவர் ஆக்கிய பாவ அறிக்கைக் கையேடு 1580இல் கொச்சியில் வெளிவந்தது. பாவத்தை எண்ணிப் பார்ப்பதற்கும், அதனைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கும் உரிய தமிழ்ச் சொற்கள் அக்காலத்திலேயே அச்சேறிவிட்டன. அச்சொற்களுக்கும் பின்வந்த மொழிபெயர்ப்புச் சொற்களுக்கும் தமிழ் மரபில் நெடிய வாழ்வு இருந்ததால், அவை தம் பழம்பொருளையும் உடன்கொண்டே கிறித்தவ வழக்கினுள் புகுந்தன.

2. ‘கடன்’ என்னும் உருவகம்

மேற்கூறிய வேண்டலின் கிரேக்க மூலம் மத்தேயுவில் ‘கடன்கள்’ என்றும், லூக்காவில் ‘பாவங்கள்’ என்றும் அமைந்துள்ளது. ஆயினும் லூக்காவும் வேண்டலின் பிற்பகுதியில் ‘கடன்பட்டவர்’ என்றே குறிப்பிடுகிறார். இயேசு பேசிய அரமேய மொழியில் ஒரே சொல் கடனையும் பாவத்தையும் சுட்டியது என்பதைக் கருதினால், இவ்விரு வடிவங்களின் உறவு தெளிவாகும். மன்னித்தலைக் குறிக்கும் கிரேக்க வினைக்குப் ‘போகவிடு’, ‘விட்டுவிடு’ என்பன அடிப்படைப் பொருள்கள். கடனைத் தள்ளுபடி செய்வதற்கும் அவ்வினையே வழங்கியது.

ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு, மத்தேயுவில் ‘கடன்’ என்னும் சொல்லைக் காத்துள்ளது. 1995இல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பு ‘குற்றம்’ என்னும் சொல்லை மேற்கொண்டுள்ளது. பின்னது பொருளை நேரே உணர்த்துகிறது. முன்னது ஓர் உருவகத்தைக் காக்கிறது. கடன் என்றால் கணக்கு உண்டு. கொடுத்தவரும் பட்டவரும் உண்டு. இழப்பு யாருடையது என்பதில் ஐயமில்லை. எனவே கடனைத் தள்ளுபடி செய்பவர் அது இருந்ததேயில்லை என்று சொல்வதில்லை. இருந்ததை ஒப்புக்கொண்டே விடுகிறார்.

இவ்விரு மொழிபெயர்ப்புகளும் காலத்தாலும் வேறுபடுகின்றன. முன்னது ‘மன்னிக்கிறதுபோல’ என நிகழ்காலத்தில் கூற, பின்னது ‘மன்னித்துள்ளது போல’ என முற்றுப்பெற்ற செயலாகக் கூறுகிறது. கிரேக்கப் படிகளிலேயே இவ்விடத்தில் பாடவேறுபாடு உள்ளது. நிகழ்காலம் மன்னிப்பை நாள்தோறும் தொடரும் வழக்கமாகக் காட்டுகிறது. இறந்தகாலமோ, வேண்டலுக்கு முன்னரே முடித்திருக்க வேண்டிய செயலாகக் காட்டுகிறது.

3. இரு வினைகள்

கத்தோலிக்க இல்லங்களில் தலைமுறைகளாக வழங்கிய செப வடிவத்தில், இறைவனின் செயலும் மனிதரின் செயலும் ‘பொறு’ என்னும் வினையாலேயே குறிக்கப்பட்டன. சீர்திருத்தத் திருச்சபையினரிடையே ‘மன்னி’ நிலைபெற்றது. இன்று இரு மரபினரும் ‘மன்னி’ என்பதையே மிகுதியும் ஆளுகின்றனர்.

‘பொறு’ என்பதன் அடிப்படைப் பொருள் சுமத்தல். ‘பொறை’ என்னும் பெயர் பாரத்தையும் பொறுமையையும் ஒருங்கே குறிக்கும். திருக்குறளின் ‘பொறையுடைமை’ அதிகாரம் தன்னைத் தோண்டுவோரையும் சுமந்து நிற்கும் நிலத்தின் உவமையோடு தொடங்குவது இச்சொற்பொருளுக்கு இயைந்ததே. அங்குப் பொறை ஆற்றலுடையோரின் பெருமையாகப் போற்றப்படுகிறது. ஒறுக்க வல்லவர் ஒறுக்காதிருப்பதே அதன் சிறப்பு.

‘மன்னி’ என்பதோடு தொடர்புடைய தெலுங்கு, கன்னட வினைகள் மதித்தல், மன்னித்தல் என்னும் இரு பொருளிலும் வழங்குகின்றன. தமிழில் மன்னித்தற்பொருளே எஞ்சி நிற்கிறது. இவ்வினைக்குச் செயப்படுபொருளாகக் குற்றமும் வரும், குற்றம் செய்தவரும் வருவார். ஆயின் மன்னிக்க ஒரு குற்றமும் அதைச் செய்த ஒருவரும் இருந்தே தீரவேண்டும். பொறுத்தலுக்கு அவ்வரையறை இல்லை. வெயிலையும் பசியையும் நோயையும் பொறுக்கலாம். அவற்றை மன்னிக்க இயலாது.

இவ்வேறுபாடு நடைமுறையில் பெரிய விளைவுடையது. பொறுத்தல், தீங்கிழைத்தவர் அறியாமலே நிகழக்கூடும்; தீங்கு தொடர்ந்துகொண்டிருக்கும்போதும் நிகழக்கூடும். குடும்பத்தில் வன்முறைக்கு ஆளாகும் பெண்ணிடமும், இழிவுபடுத்தப்படும் எளியவரிடமும் ‘பொறுத்துக்கொள்’ என்று கூறப்படும் அறிவுரை, மன்னிப்பின் பெயரால் சுமையை நீட்டிக்கிறது. வள்ளுவர் வலியோரிடம் கண்ட சிறப்பு அங்கு மெலியோரின் கடமையாகத் திரிந்துவிடுகிறது.

கத்தோலிக்க மரபு இவ்விரண்டையும் வேறுபடுத்தியே எண்ணியுள்ளது. அம்மரபு உடல்சார் இரக்கச் செயல்கள் ஏழு, ஆன்மா சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழு என வகுக்கும். பின்னவற்றுள் தீங்குகளைப் பொறுமையுடன் தாங்குதலும், தீங்கிழைத்தோரை மன்னித்தலும் தனித்தனி எண்களாக நிற்கின்றன. தவறுவோரைக் கண்டித்துத் திருத்துதல் அதே பட்டியலில் மற்றொரு செயலாகும். கண்டித்தலும் இரக்கமே என்னும் இவ்வகைப்பாடு கருதற்குரியது.

4. இரக்கமும் அளவும்

‘இரங்கு’ என்னும் வினை ஒலித்தல், அழுதல், வருந்துதல், அருளுதல் எனப் பொருள் விரிவு பெற்றது. அகத்திணையில் இரங்கல் நெய்தலுக்குரிய உரிப்பொருள். ஆகவே ‘இரக்கம்’ என்னும் சொல்லில், பிறர் துயர்கண்டு உள்ளம் கலங்குதல் இயல்பாகவே அமைந்துள்ளது. நற்செய்திகளில் இரக்கங்கொள்ளுதலைக் குறிக்கும் கிரேக்க வினைகளுள் ஒன்று ‘குடல்’ என்னும் பெயரடியாகப் பிறந்தது. உடலின் உள்ளுறுப்பு நெகிழ்வதாகக் கூறும் அவ்வினையின் உணர்வுக்குத் தமிழ்ச் சொல் தொலைவில் இல்லை.

மத்தேயு 18ஆம் அதிகாரத்திலுள்ள மன்னிக்க மறுத்த பணியாளன் உவமையில் இவ்வினையே திருப்புமுனையாக அமைகிறது. அரசன் இரங்கிப் பதினாயிரம் தாலந்துக் கடனை விட்டுவிடுகிறான். விடுபட்டவனோ தன் உடன்பணியாளனை நூறு வெள்ளிப்பணத்திற்காகச் சிறையிலிடுகிறான். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒருநாள் ஊதியம். எனவே முதற்கடன் ஆறு கோடி நாள்களின் கூலி. இரண்டாவது நூறு நாள்களின் கூலி. முன்னதை எவரும் அடைக்க இயலாது. பின்னதை அடைக்க இயலும், ஆயினும் அது சிறுதொகை அன்று. கூலியாளுக்கு நூறு நாள் உழைப்பு என்பது மெய்யான இழப்பு. மனிதர் ஒருவருக்கொருவர் செய்யும் தீங்கை இவ்வுவமை இல்லை என்று கூறவில்லை என்பது இதனால் விளங்கும்.

உவமைக்குக் காரணமாவது, எத்தனை முறை மன்னிப்பது என்னும் பேதுருவின் வினா. விடையாக வரும் எண்ணுத்தொடர், பழிக்குப் பழியாகத் தொடக்கநூலில் இலாமேக்கு கூறும் எண்ணை (4:24) நினைவூட்டுவது. எல்லையற்ற பழி, எல்லையற்ற மன்னிப்பால் எதிர்கொள்ளப்படுகிறது.

5. கடிந்துரைத்தலும் ஈடுசெய்தலும்

எல்லையற்ற மன்னிப்பைக் கூறும் அதே அதிகாரத்தில், அதற்குச் சற்று முன்னர் வேறொரு முறைமை கூறப்பட்டுள்ளது (18:15-17). தீங்கிழைத்தவரிடம் தனியே சென்று குற்றத்தை எடுத்துரைத்தல் முதற்படி. அவர் கேளாவிடில் ஓரிருவரைச் சான்றாக அழைத்துச் செல்லுதல் அடுத்தபடி. அதன்பின் சபைக்கு அறிவித்தல். லூக்கா 17:3இலும் கடிந்துரைத்தல், மனம்மாறுதல், மன்னித்தல் என்னும் வரிசையே காணப்படுகிறது. ஆகவே குற்றத்தைச் சொல்வது மன்னிப்புக்கு மாறானதன்று, அதற்கு வழியமைப்பதாகும்.

தீங்கிழைத்தவரின் பொறுப்பும் தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. காணிக்கை செலுத்த வந்தவர், தம்மீது பிறருக்கு மனத்தாங்கல் இருப்பதை உணர்ந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் அவரிடம் செல்ல வேண்டும் (மத்தேயு 5:23-24). இங்கு நடக்க வேண்டியவர் தீங்குற்றவர் அல்லர். வரிதண்டுவோர் தலைவனான சக்கேயு, வஞ்சித்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித்தர முன்வருகிறான் (லூக்கா 19:8). பெற்ற இரக்கம் அவனிடம் ஈடுசெய்தலாக வெளிப்படுகிறது.

6. ஒப்புரவு

மன்னிப்பின் இறுதி நோக்கமாகிய உறவுப் புதுப்பித்தலைத் தமிழ்க் கிறித்தவர் ‘ஒப்புரவு’ என்பர். முன்னர்ப் ‘பாவசங்கீர்த்தனம்’ எனப்பட்ட கத்தோலிக்க அருட்சாதனம் இன்று ‘ஒப்புரவு அருட்சாதனம்’ எனப்படுகிறது. திருக்குறளில் ‘ஒப்புரவறிதல்’ 22ஆம் அதிகாரத் தலைப்பு. அங்கு அது உலகநடை அறிந்து பிறர்க்கு உதவுதலைக் குறிக்கும். கைம்மாறு கருதாத மழையை உவமையாக்கும் அதன் முதற்குறளில் ‘கடப்பாடு’ என்னும் சொல் வருகிறது.

உதவும் பண்பைக் குறித்த சொல், முறிந்த உறவைச் சீராக்குதலைக் குறிக்கும் சொல்லாகியிருப்பது பொருள் மாற்றமே. எனினும் பழம்பொருள் முற்றும் மறைந்துவிடவில்லை. ‘ஒப்பு’ என்னும் பகுதியில் நிகர்மை உண்டு. ஒருவர் என்றும் சுமப்பவராகவும் மற்றவர் என்றும் சுமத்துபவராகவும் நீடிக்கும் உறவை அச்சொல்லால் குறிக்க இயலாது. மன்னிப்புத் தனியொருவர் உள்ளத்தில் நிகழலாம். ஒப்புரவுக்கு இருவரும் தேவை. மன்னித்தவர் பாதுகாப்பற்ற உறவுக்குத் திரும்பியே ஆகவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்பதும் இவ்வேறுபாட்டால் பெறப்படும்.

7. முடிவுரை

‘பொறு’ என்பது தீங்கைத் தாங்கும் ஆற்றலைக் குறிக்கிறது. ‘மன்னி’ என்பது தீங்கிழைத்தவரை விடுவித்தலைக் குறிக்கிறது. ‘கடன்’ அவ்விழப்பு மெய்யானது என்பதை நினைவூட்டுகிறது. ‘ஒப்புரவு’ இருவரும் நிகராக நிற்கும் நிலையைச் சுட்டுகிறது. இந்நான்கும் சேர்ந்தே மன்னிப்பு என்னும் அறத்தை முழுமையாக்குகின்றன. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மெலியோரிடம் வற்புறுத்துவது நற்செய்தி மூலத்திற்கும் பொருந்தாது; பொறையை வலியோரின் பெருமையாகக் கண்ட தமிழ் அறமரபிற்கும் பொருந்தாது. மறையுரையிலும் மறைக்கல்வியிலும் குடும்ப அறிவுரையிலும் இச்சொற்களை வேறுபாடறிந்து ஆளுவது, மொழித்தூய்மை பற்றியதன்று. துன்புறுவோர்க்கு நீதி செய்வது பற்றியதாகும்.