நான்கு சக்கரம் இழுத்தாலும் பிடி கூடாது

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டதிலிருந்து, விற்பனைக்காரர்களின் வாயில் நான்கு சக்கரமும் இழுக்கும் காரைக் குறிக்கும் ‘ஃபோர்வீல்’ என்ற சொல் மறுபடியும் புரளத் தொடங்கியிருக்கிறது. மழைக்கும் மலைக்கும் அதுவே மருந்தாம். கைப்பேசித் திரையிலோ அதே ஃபோர்வீல் கார்கள் புகை கக்கிக்கொண்டு, பக்கவாட்டில் வழுக்கியபடி வளைவுகளைக் கடக்கின்றன. வழுக்கவே வழுக்காது என்று ஒரு விளம்பரம், அழகாக வழுக்கும் என்று இன்னொன்று. கண்டியில் மாத்தளை ரயில் மஹய்யாவ மேட்டில் ஏற மனமில்லாமல் சுரங்கத்துக்குள் புகுந்துவிடுகிறது. மேலே ஏ-9 வீதியில் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. மழைநாளில் அவர்கள் இந்த இரண்டு விளம்பரத்தில் எதை நம்புவது? ஃபோர்வீல் காரை டிரிஃப்ட் செய்ய, அதாவது வேண்டுமென்றே பின்பக்கத்தை வழுக்கவிட்டு ஆள, முறையாகக் கற்பவர் முதலில் தெரிந்துகொள்வது காரின் வலிமையை அல்ல, அதன் எல்லையை. விளம்பரம் சொல்லாமல் விடுவதும் அதைத்தான்.

ஒவ்வொரு டயரும் வீதியைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம். முன்னே இழுப்பதற்கும், பிரேக் பிடிப்பதற்கும், வளைவில் பக்கவாட்டாகத் தாங்குவதற்கும் அந்த உள்ளங்கைக்கு இருப்பது ஒரே கையிருப்பு. சுவாரசியம் என்னவென்றால், இந்தக் கையிருப்பு கழித்தல் கணக்கில் கரைவதில்லை, பைதகரஸ் கணக்கில் கரைகிறது. நூறு பங்கு பிடியில் 60ஐ இழுப்பதற்குச் செலவிட்டால் வளைவுக்கு மிஞ்சுவது 40 அல்ல, 80. அறுபதின் வர்க்கத்தோடு எண்பதின் வர்க்கத்தைக் கூட்டினால் நூறின் வர்க்கம் வந்துவிடும். 30ஐச் செலவிட்டால் 95 மிஞ்சும், கிட்டத்தட்ட இலவசம். ஆனால் 95ஐச் செலவிட்டால் மிச்சம் 31, நூறைத் தொட்டால் பூச்சியம். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் காரில் எக்சிலேட்டரை ஓங்கி மிதித்ததும் பின்டயர்கள் முழுக் கையிருப்பையும் இழுவையில் கொட்டிவிடுகின்றன. பக்கவாட்டில் தாங்க ஒன்றுமில்லாமல் பின்பக்கம் வெளியே வீசுகிறது. ஃபோர்வீலில் அதே இழுவை நான்காகப் பிரிகிறது. ஒவ்வொரு டயரும் செலவிடுவது கொஞ்சம், மிஞ்சுவது நிறைய. மேலும் மிதித்தாலோ, திருப்பும் வேலையும் தலையிலிருக்கும் முன்டயர்களே பெரும்பாலும் முதலில் கைவிரிக்கின்றன. மூக்கு திரும்ப மறுத்து, கார் வளைவின் வெளிப்பக்கமாக நேரே போகிறது. ஃபோர்வீலில் டிரிஃப்ட் கற்கப் போகிறவரின் முதல் ஏமாற்றம் இதுதான்: எஞ்சினை முடுக்கினால் வித்தை நடக்காது.

பிறகு எதனால் நடக்கும்? பாரத்தால். கணக்குக்காக 1,300 கிலோ கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிற்கும்போது முன்சக்கரங்களில் 780, பின்சக்கரங்களில் 520. அச்சுகளுக்கிடையே 2.6 மீற்றர், பாரமையம் அரை மீற்றர் உயரம். புவியீர்ப்பின் 0.8 பங்கு வேகத்தணிப்போடு பிரேக் பிடித்தால் சரியாக 200 கிலோ பின்னிருந்து முன்னுக்குப் போய்விடும். பின்சக்கரங்களில் எஞ்சுவது 320. பிடி பாரத்தைப் பின்தொடர்வதால் அதுவும் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு குறையும். மலைநகரத்துப் படிக்கட்டில் நான்கு பேர் அலுமாரி இறக்குவதைப் போன்றது இது. கீழே நிற்கும் இருவருக்கு முதுகு ஒடிகிறது. மேலே நிற்கும் இருவர் பிடித்திருப்பதாகப் பேர். படி திரும்பும் இடத்தில் கீழுள்ளவர்கள் சட்டென்று நின்று திரும்பினால், பாரமில்லாத மேல்முனைதான் சுவர்ப் பக்கம் வீசும். முதலில் எதிர்ப்பக்கம் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுத் திருப்பினால் வீச்சு இன்னும் கூடும். ரலி ஓட்டிகள் வளைவுக்கு முன் காரை மறுபக்கம் ஒருகணம் திருப்புவது அதற்குத்தான். இனி, கீழுள்ள இருவருக்கு இழுக்கவும் பலமிருக்கிறது என்று வையுங்கள். முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அலுமாரியை இழுத்துப் போவார்கள். ஃபோர்வீல் டிரிஃப்டின் சூட்சுமம் அங்கே இருக்கிறது. பின்சக்கரக் காரில் வழுக்கலுக்கு எதிராக ஸ்டியரிங்கை நிறைய உடைத்துப் பிடித்திருக்க வேண்டும். ஃபோர்வீலில் அப்படியே பிடித்துக்கொண்டு எக்சிலேட்டரை மிதித்தால், முன்சக்கரங்கள் காரை வளைவுக்கு வெளியே இழுத்துவிடும். சீக்கிரம் நேராக்கி, போக வேண்டிய திசைக்கு முன்சக்கரத்தைக் காட்டி, பிறகுதான் மிதிக்க வேண்டும். அலுமாரியின் கண்ணாடி உடையுமுன் உவமையை இங்கே இறக்கிவைக்கலாம்.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு: 1980இல் அவுடி குவாட்ரோ என்ற ஃபோர்வீல் கார் வந்தது. 1981இல் மிஷேல் மூத்தோன் அதை ஓட்டி இத்தாலியின் சன்ரேமோ ரலியை வென்றார். உலக ரலி சுற்று ஒன்றை வென்ற முதல் பெண் அவரே. பிறகு மிட்சுபிஷி லான்சர் எவலூஷனும் சுபாரு இம்ப்ரெசாவும் அந்த வழியில் பேரெடுத்தன. இந்தியாவின் கௌரவ் கில், சென்னை எம்ஆர்எஃப் அணியின் ஸ்கோடா ஃபோர்வீல் கார்களில் 2013, 2016, 2017 ஆண்டுகளில் ஆசிய பசுபிக் ரலிப் பட்டம் வென்றார்.

ரலி வீரர்களே வழுக்கிக்கொண்டுதானே வெல்கிறார்கள், அப்படியானால் அதுதானே உயர்ந்த ஓட்டம் என்று கேட்கலாம். அது கிரவலில் உண்மை. தளர்ந்த மண்ணில் பக்கவாட்டாகப் போகும் டயர் தன் முன்னே மண்ணைக் குவித்து, அந்த மேட்டிலேயே சாய்ந்துகொள்கிறது; வழுக்கலே அங்கே பிடி. தார் வீதியில் குவிக்க மண் இல்லை. டயர் சில பாகை விலகும்போதே உச்சப் பிடி கிடைத்துவிடும், அதற்கு மேல் வழுக்குவதெல்லாம் நட்டம். நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. அந்தப் போட்டி நடக்கும் தார்ப் பாதையில் கடிகாரம் மெச்சுவது புகையை அல்ல. பந்தயப் பாதையில் நடப்பது பத்திரம் என்பதும் அரை உண்மை. 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் புகுந்ததில் 7 பேர் இறந்தார்கள். ‘டிரிஃப்ட் மோட்’ பொத்தான் இருக்கிறதே என்பார்கள். 2016இல் வந்த ஃபோர்ட் ஃபோகஸ் ஆர்எஸ் காரில் அது உண்டு. இழுவையின் 70 சதவீதம் வரை பின்னுக்கு அனுப்பக்கூடிய கார் அது. பொத்தான் பங்கைத்தான் மாற்றும், கையிருப்பைக் கூட்டாது. வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடும் அப்படியே: எந்தச் சக்கரத்துக்குப் பிரேக் என்று நம்மைவிட வேகமாகத் தீர்மானிக்கும், ஆனால் இல்லாத பிடியை அதுவும் கடன் வாங்க முடியாது.

கற்கத்தான் வேண்டுமென்றால் ஆளில்லாத, சுவரில்லாத, நீர் தெளித்த மூடிய மைதானத்தில், பயிற்றுநரோடு கற்கலாம். அதற்கும் பௌதிகக் காரணம் உண்டு: பிடி கால்வாசியானால் அதே வளைவில் வழுக்கல் பாதி வேகத்திலேயே தொடங்கும், தவறின் சக்தியும் கால்வாசி. குளிர்நாடுகளில் பனிக்கட்டி மேல் பழக்குவது இதனால்தான். கண்டி வீதிகளில் ஓட்டுபவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வித்தை ஒருபோதும் தேவைப்படாது, அதன் கணக்கு தினமும் தேவைப்படும். மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் கார், உராய்வு 0.8 உள்ள காய்ந்த தார் வீதியில் பிரேக் பிடித்தபின் நிற்க சுமார் 18 மீற்றர் போதும். நனைந்து உராய்வு 0.5 ஆனால் 28 மீற்றர் வேண்டும், இறக்கத்தில் இன்னும் கூடும். நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையில், தாரில் படிந்த எண்ணெய் நீரோடு கலக்கும்போது நிலைமை இதைவிட மோசம். இந்தக் கணக்கில் எத்தனை சக்கரம் இழுக்கிறது என்ற எண்ணுக்கு இடமே இல்லை, ஏனென்றால் எந்தக் காரும் நான்கு சக்கரத்தாலும்தான் நிற்கிறது. ஃபோர்வீலுக்குக் கொடுக்கும் மேலதிகப் பணம் மேடு ஏறுவதற்கு. இறங்குவதற்கு டயரின் பள்ளங்கள் தேய்ந்துவிட்டனவா என்று பாருங்கள், அதற்குக் காசு வேண்டியதில்லை.